பூங்காவுக்குள்ளேயே ஒரு அறை

தூங்கிக்கொண்டிருந்த மகளின் குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டது.

பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். ஹோட்டல் சுவரை உரசுகிற மாதிரி வளைந்து போகும் ரோலர் கோஸ்டர் தண்டவாளத்தில் பெட்டிகள் தடதடவென்று இறங்கிப் போயின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, மெல்ல முனகி, அடங்கியது. அந்தத் தடதடப்புக்கு நடுவில், துணிக்குள் ஊசி நுழைவதைப் போல, ஒரு சின்னக் கூச்சல்.

"அம்மோய்..."

திரும்பிப் பார்த்தாள். மகள் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வேறு ஏதோ குழந்தை என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் காது அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறையில் பிள்ளைகளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கை தூக்குகிறார்களா என்று கவனிப்பாள். பல வருஷமாக ஒரு ஒலியிலிருந்து இன்னொரு ஒலியைப் பிரித்தே பழகிய காது அது. போதாததற்கு, "அம்மோய்" என்று இழுத்துக் கூப்பிடுகிற பிள்ளை உலகத்திலேயே ஒன்றுதான். யாரோ தெருவில் யாரையோ அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு விளையாட்டாக ஆரம்பித்தது, வீடே சிரித்தது, அதுவே நிலைத்துவிட்டது.

மறுபடி பெட்டிகள் மேலே ஏறும் சத்தம் கேட்டது. சங்கிலி கடகடவென்று சக்கரப் பல்லில் விழுந்து விழுந்து இழுத்தது. பிறகு உச்சியில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு இறக்கம். தடதடப்பு சுவருக்குள் புகுந்து, கட்டில் காலில் ஏறி, அவள் உள்ளங்காலைத் தொட்டது.

"அம்மோய்... அம்மோய்..."

கடைசியில் ஒரு விக்கல். அழுது அழுது மூச்சு வாங்கும்போது வருமே, அந்த விக்கல்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். பெட்டிகள் கண்ணுக்கு நேராக, கை நீட்டினால் எட்டும்போலக் கடந்து போயின. சிவப்பு இருக்கைகள். கறுப்புக் கம்பிகள். ஒரு ஆள்கூட இல்லை.

இன்று பூங்காவுக்கு விடுமுறை. அது அவளுக்குத் தெரியும். அப்படித்தான் திட்டம் போட்டிருந்தார்கள். பஸ் கம்பெனியில் எந்த வண்டி எப்போது கிளம்பவேண்டும் என்று அட்டவணை போடுகிறவர் அவள் கணவர். வீட்டிலும் அதே புத்தி. இந்தப் பயணத்துக்காகச் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ நாள் பஞ்சாயத்து நடந்தது. பெரிய பூங்காவுக்கு ஒரு நாள், தண்ணீர்ப் பூங்காவுக்கு ஒரு நாள், விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் என்று அவர். "பாப்பா உயரத்துக்குப் பாதி ராட்டினத்துல ஏத்தவே மாட்டாங்க, ரெண்டு நாளே ஜாஸ்தி" என்று இவள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஹோட்டல்கள் வரிசையாக இருந்தன. அங்கே தங்கலாம் என்றார் அவர். உள்ளேயேதான் தங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது இவள்தான். "மத்தியானம் அவ தூங்கணும். உள்ளயே தங்கிட்டா நினைச்சா வரலாம், நினைச்சா போகலாம்." சரி, ஆனால் முந்தின நாளே போய்விடுவோம், மறுநாள் கதவு திறந்ததும் முதல் ஆளாக நிற்கலாம் என்று அவர் சமாதானமானார். இப்போதும் நாளைக்கு உள்ளே போகக் கையில் கட்டவேண்டிய பட்டைகளை வாங்கத்தான் அலுவலகப் பக்கம் போயிருந்தார்.

அவள் வரவேற்பறைக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு லீவுதானே? ரோலர் கோஸ்டர்ல யாரு போறாங்க?"

"யாரும் இல்ல மேடம்," என்றாள் வரவேற்பறைப் பெண். இனிமையான குரல். "நாளைக்காகச் சும்மா ஓட்டிப் பாக்கறாங்க. சத்தம் தொந்தரவா இருந்தா வேற பக்கம் ரூம் மாத்தித் தரட்டுமா?"

"குழந்தை கத்துற சத்தம் கேக்குது."



"வெறும் பெட்டிதான் மேடம்," என்றாள் அந்தப் பெண், இன்னும் இனிமையாக.

அடுத்து கணவருக்குப் போன் அடித்தாள். எடுத்தவர் அவள் பேச ஆரம்பிப்பதற்குள்ளேயே, "இங்க கவுண்டர்ல ஆளே இல்ல, வரட்டும்னு உக்கார வெச்சிருக்காங்க," என்றார்.

"என்னங்க, நாம கிளம்பிடலாம்."

"எங்க?"

"வீட்டுக்கு. இப்பவே."

"இப்பத்தானே வந்தோம்? பொட்டியைக்கூடப் பிரிச்சிருக்க மாட்ட."

"எனக்கு இங்க சரியாப் படல. வெளிய எங்கயாவது தங்கிக்கலாம். நீங்க சொன்ன ஹோட்டலுக்கே போயிடலாம்."

அவர் சிரித்தார். "அதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஆகாதா? இனிமே முடியாதும்மா. நாம வந்த வேன் திரும்பிப் போயாச்சு, பெரிய கேட்டையும் பூட்டிட்டாங்க. நாளைக்குக் காலையில கூட்டத்துக்குத் திறக்கறப்பதான் திறப்பாங்களாம். பாப்பா தூங்குறா இல்ல? நீயும் கொஞ்சம் படு."

போனை வைத்தபோது அறை முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது. புது கம்பளத்தின் பசை வாசனை. குளியலறையிலிருந்து கிருமி மருந்தின் நெடி. ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். கைப்பிடியே இல்லை, சட்டத்தோடு அடைத்த கண்ணாடி. சாய்ந்த வெயிலில் தண்டவாளத்தின் நிழல் உள்ளே விழுந்து, கட்டில்மேல் ஏணி ஏணியாகப் படிந்திருந்தது.

"அது அப்படித்தான் கத்தும்மா," என்றாள் மகள்.

முகம் இன்னும் சுவரைப் பார்த்தே இருந்தது.

"நீ தூங்கலையா?"

"கொஞ்ச நேரத்துல பழகிடும். அப்புறம் கத்தாது."

"எது கத்தாது?"

மகள் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். அம்மா என்கிறாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்ததிலிருந்து அம்மா, அம்மா என்றே கூப்பிடுகிறாள், பாடப்புத்தகத்தில் இருக்கிற பிள்ளை மாதிரி.

எப்போதிலிருந்து? வேனிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது, தண்டவாளத்துக்கு அடியில், மகள் கையை உருவிக்கொண்டு ஓடினாள். ரோலர் கோஸ்டரின் வாசலில் உயரம் பார்க்க நிறுத்தியிருந்த மரப்பலகையில் போய் முதுகை ஒட்டி நின்று, குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். எட்டவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனாள். இவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். கொஞ்சம் தாமதித்துத்தான் மகள் வந்தாள். தானாகவே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. அதற்கப்புறம் அது என்ன, இது ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. களைப்பு என்று நினைத்து, தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தாள்.

தன் கையால் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, இந்தப் பக்கம் திரும்பு."

மகள் திரும்பினாள். அதே முகம். அதே புருவம். நெற்றியில் அதே சின்னத் தழும்பு. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். போன வாரம் விழுந்த முன்பல் அதன் இடத்தில் இருந்தது.

வெளியே சங்கிலி ஏறத் தொடங்கியது.

அவள் பின்பக்கமாகவே நகர்ந்து கதவுவரை போனாள். முதுகு கதவில் முட்டியது. மேலே ஒன்று கத்துகிறது. இங்கே ஒன்று சிரிக்கிறது. ஓடவும் முடியாது, இருக்கவும் முடியாது. கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள்.

"நானும் வரேம்மா," என்று போர்வையை விலக்கி எழுந்தாள் மகள். காலில் ஷூ மாட்டியிருந்தது. கயிறுகூடக் கட்டியிருந்தது. மகளுக்குக் கயிறு கட்டத் தெரியாது.

நடைபாதை. படிக்கட்டு. ஆளில்லாத சாப்பாட்டுக் கூடத்தில் கவிழ்த்து வைத்த நாற்காலிகள். அவள் ஓட ஓட, பின்னால் சின்ன ஷூக்கள் டக் டக்கென்று, அவசரமே இல்லாமல், ஆனால் விலகாமல் வந்தன. வரவேற்பறைப் பெண் நிமிர்ந்து பார்த்து, "பாத்துப் போங்க மேடம்," என்றாள்.

வெளியே பூட்டிய கடைகள், மூடிபோட்ட பொம்மைத் தலைகள். ரோலர் கோஸ்டரின் மேடையில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தான். கிரீஸ் படிந்த சட்டை, கழுத்தில் துண்டு. அதை ஓட்டுகிறவன்.

"நிறுத்துங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "உள்ள குழந்தை இருக்கு."

"எங்க மேடம்?"

"அதுல. எம் பொண்ணு."

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற மகளைப் பார்த்தான். "பொண்ணு இங்கதானே இருக்கு?"

"நிறுத்துங்க. உங்களைக் கும்பிடுறேன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு நெம்புகோலை இழுத்தான். பெட்டிகள் மேடைக்குள் வந்து, காற்றுப் பெருமூச்சோடு நின்றன. இருக்கைகளைப் பூட்டியிருந்த கம்பிகள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின.

முன்வரிசையில் ஒன்று மட்டும் எழவில்லை.

"இது காலையிலகூட நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானத்துலேர்ந்து இப்படி மாட்டிக்குது," என்றான் அவன். கம்பியை ஆட்டிப் பார்த்தான். மற்ற கம்பிகளைவிட அது ரொம்பத் தாழ்வாக, ஒரு சின்ன வயிற்றின்மேல் அழுந்துகிற அளவுக்கு, இறங்கியிருந்தது. அதற்கு அடியில் யாரும் இல்லை.

அவள் குனிந்து இருக்கையில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. பயந்தால் மகள் நனைத்துவிடுவாள்.

"பாப்பா," என்றாள்.

எதுவோ அவள் ஆள்காட்டி விரலைப் பற்றியது. சின்னப் பிடி. வெதுவெதுப்பான, பிசுபிசுத்த, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பிடி.

அவள் கம்பியைத் தூக்கினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. "இன்னொரு சுத்து விட்டா கழண்டுக்கும் மேடம், தள்ளுங்க," என்றான் அவன். விரலைப் பிடித்த பிடி இறுகியது.

"வேணாம். திருப்பி விடாதீங்க."

"தள்ளி நில்லுங்க மேடம்."

தள்ளி நிற்க முடியாது. இன்னொரு முறை தனியாக விட முடியாது. அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் மடியில் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. பெட்டி நகர்ந்தது.

"நிறுத்துங்க. நான் ஏறிட்டேன், நிறுத்துங்க."

அவன் நெம்புகோலில் கை வைத்தபடி பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இருக்கையை, காலி இருக்கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சங்கிலி பற்றியது. முதுகு சாய்ந்தது. வானம் முன்னால் வந்தது. பக்கத்தில் விக்கல் கேட்டது, மிக அருகில். அவள் கையைக் கொடுத்தாள். பத்து விரலும் வந்து பிடித்துக்கொண்டன.

"அம்மா இருக்கேன்," என்றாள். "இருக்கேன்டா கண்ணு."

ஏற ஏறக் கீழே எல்லாம் சிறுத்தது. பூட்டிய பெரிய கேட். மதில். அதற்கப்பால் நெடுஞ்சாலையில் வண்டிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அலுவலகப் பக்கத்திலிருந்து கணவர் நடந்து வருவது தெரிந்தது. மேடைக்குக் கீழே நின்றிருந்த அந்தப் பிள்ளை அவரைப் பார்த்ததும் ஓடியது. அவர் குனிந்து தூக்கிக்கொண்டார்.

"என்னங்க," என்று கத்தினாள். "என்னங்க, அது இல்ல. இங்க பாருங்க."

அவர் நிமிரவில்லை. பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, யாரையோ எதிர்பார்ப்பதுபோலக் காத்திருந்தார்.

மேடைக்குப் பின்னாலிருந்த தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இவள் உடுத்தியிருந்த அதே பச்சைப் புடவை. அதே கொண்டை. கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, குழந்தையின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அவர் அந்தப் பெண்ணின் தோளில் கை போட்டார். மூன்று பேரும் ஹோட்டலைப் பார்த்து நடந்தார்கள்.

பெட்டி உச்சியில் நின்றது. ஒரு கணம் எதுவுமே இல்லை.

அந்தப் பெண் மட்டும் நடப்பதை நிறுத்தி, தலையைச் சாய்த்து, மெல்லிய ஒலி ஒன்றைப் பிரித்துக் கேட்கிறவளைப் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, நேராக முன்வரிசையைப் பார்த்தாள். கேட்கிறது என்று சொல்வதைப் போல, மெதுவாக, ஒரு கையைத் தூக்கினாள்.