கறுப்பு டேப்புக்கு அடியில்

துடைக்கிற துணியோடு இயந்திரத்தின் முதுகில் கை வைத்தபோது தகரம் சூடாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். வெயில் சூடு இல்லை. இந்த அறைக்கு வெயிலே வராது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் பன்னிரண்டு வருடம் நின்றவளுக்கு, ஓடிக்கொண்டிருக்கிற சூடு எது, ஓடி நின்ற சூடு எது என்று உள்ளங்கையே சொல்லிவிடும். இது ஓடிக்கொண்டிருக்கிற சூடு. மூன்று மாதமாக இதை ஆன் செய்யவே இல்லை என்று புருஷன் சொல்லியிருந்தான்.

மின்சாரத்தால் இசை எழுப்புகிற அந்த சிந்தசைசரைச் செய்தது அவள். ஆள் உயர மரச்சட்டம், அதில் நாற்பது தகரப் பலகை, பலகைதோறும் குமிழ்கள், துளைகள், துளைக்குத் துளை வயர். வாசிப்பது மட்டும் அவன். இந்தப் பெட்டியில் எதையும் பதிவு செய்து வைக்க முடியாது. எந்த வயர் எந்தத் துளையில், எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பி என்பதுதான் பாட்டு. ஒரு வயரை உருவினால் அந்தப் பாட்டு செத்தது. அதனால் இப்படிப் பெட்டி கட்டி வாசிக்கிற அவர்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்: அடுத்தவர் போட்ட வயரில் கை வைக்கக் கூடாது. கட்டின பெண்டாட்டியானாலும் சரி. "ஞாயித்துக்கிழமை கச்சேரி வரைக்கும் அந்தப் பக்கமே போகாத" என்றிருந்தான். அவளும் போகவில்லை. இன்று ஞாயிறு. நாலு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், தூசியாவது தட்டலாம் என்று வந்தாள். அவன் நாற்காலி எடுத்துவரப் போயிருந்தான்.

பலகையில் இருக்கும் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒன்றை நகத்தால் கிளப்பினாள். உள்ளே சிவப்பு மெதுவாக ஏறியது. மெதுவாக அடங்கியது. ஏறியது.

ஆணியில் தொங்கிய ஹெட்போனை மாட்டினாள். முதலில் ஒன்றுமில்லை, எங்கோ தூரத்தில் பழைய மின்விசிறி ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு அந்த இரைச்சல் நீளமான குழாய்க்குள் காற்று நுழைவது போல வளர்ந்து, மேலேறி, உச்சியில் ஒரு நொடி தயங்கி, அந்தத் தயக்கத்தில் துருப்பிடித்த கீலைத் திறப்பது போலச் சின்னதாக ஒரு விசில் கீறி, பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி அந்த விசில்.

அந்த விசிலை அவளுக்குத் தெரியும். காயிலை வார்னிஷில் முக்கிக் காய வைக்கும்போது எழும் புகை பன்னிரண்டு வருடமாக நெஞ்சுக்குள் போய்க் குடியேறியதன் கூலி அது. டாக்டர் கருவியை வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கிய விசில்.

அவள் இருமினாள். ஹெட்போனுக்குள்ளும் அது இருமியது.

கீழ்த் துளையிலிருந்து ஒரு வயர், சுவர் நிறத்திலேயே, தரை ஓரமாகப் போய்ச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் நுழைந்தது. படுக்கையறை. கட்டிலுக்கு அடியில் குனிந்து, மல்லாந்து, தடவினாள். கட்டில் பலகையின் அடிப்பக்கம், சரியாக அவள் தலையணைக்குக் கீழே, காசு அளவு பித்தளை வில்லை பசை போட்டு ஒட்டியிருந்தது. அதிர்வைப் பிடிக்கிற வில்லை. அவளே ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தாள். மூன்று மாதம் பக்கத்தில் படுத்து, "தூக்கம் வருதா?" என்று கேட்டு, நெற்றியைத் தடவிவிட்டுப் படுத்தவன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. மூச்சுதானே.

வில்லையைக் கத்தியால் நெம்பி எடுத்தாள். வயரோடு அறுத்தாள். கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்து ஹெட்போனைக் காதில் வைத்தாள், அது நின்று போனதைக் கேட்கிற திருப்திக்காக.

நிற்கவில்லை.

ஏறியது. விசில். இறங்கியது. வில்லை அவள் உள்ளங்கையில் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மூச்சை அடக்கினாள். ஒலி ஏறியது. விரலுக்கு நடுவில் காற்று பிய்த்துக்கொண்டு உள்ளே போனது. நெஞ்சு ஏறியது. அவள் ஏற்றவில்லை.

சட்டமாவது மண்ணாவது. பலகைக்கு நடுவிலிருந்த மஞ்சள் வயரைப் பிடித்து உருவினாள்.

ஒலி நின்றது. அவளும் நின்றாள். நெஞ்சில் ஈர சிமெண்டைக் கொட்டிய மாதிரி. இழுத்தாள். வரவில்லை. வாய் திறந்திருந்தது, எதிரே அறை நிறையக் காற்று இருந்தது, உள்ளே வரவில்லை. முழங்கால் தரையில் இடித்தது. துளை. துளை எங்கே. வயரின் முனை தகரத்தில் கீறிக் கீறி வழுக்கி, உள்ளே இறங்கியது.

ஏறியது. விசில். காற்று.

வாசலில் நாற்காலிகளைப் போடும் சத்தம். புருஷன் உள்ளே வந்தான். தரையில் கிடந்தவளைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். பலகையைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

"தொட்டியா?"

"என்ன பண்ணி வச்சிருக்க?" ஒலி இறங்கும்போதுதான் அவளால் பேச முடிந்தது. ஏறும்போது காத்திருக்க வேண்டியிருந்தது.

"முதல்ல உன் மூச்சை வச்சு இது ஓடுச்சு. அவ்வளவுதான். அணைச்சா சூடு போயிடும், சுருதி நகர்ந்துடும்னு அணைக்காமலே விட்டுட்டேன். போன மாசம் பார்த்தா, இது முன்னாடி போவுது, நீ பின்னாடி வர்ற."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கவனிச்சு மூச்சு விடுவ. இயல்பா இருக்காது." அவன் குனிந்து மஞ்சள் வயரை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சரிசெய்தான். "ஒரே ஒரு தடவை, நீ தூங்கும்போது குமிழைக் குறைச்சுப் பார்த்தேன். உதடு நீலமா ஆச்சு. உடனே ஏத்திட்டேன். ஏத்தாமயா விட்டேன்?"

அதை அவன் அக்கறையோடு சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். ரேடியோ ரிப்பேர் செய்கிற அண்ணன், பஸ் கண்டக்டர், கணக்கு டீச்சர், இன்னும் நாலு பேர். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறவர்கள்.

"இன்னிக்காவது பாட்டு வருமா, இல்ல போன தடவை என் பொட்டி போட்ட மாதிரி தண்ணி மோட்டார் சத்தம்தானா?" என்றார் கண்டக்டர். "எங்க வீட்டுல கேட்டுட்டு பிளம்பருக்குப் போன் போட்டுட்டாங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் ஸ்பீக்கரைத் திறந்தான். அவளுடைய மூச்சு அறையை நிறைத்தது.

"அடேயப்பா!" என்றாள் டீச்சர். "உசிரு இருக்குப்பா இதுல."

அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த ரேடியோ அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே. நிறுத்தச் சொல்லுங்க. அது என்னோட…"

ஒலி ஏறியது. வார்த்தை தொண்டையிலேயே நின்றது.

"தெரியும்மா. நீ கட்டின பொட்டிதான்," என்றார் ரேடியோ அண்ணன், அவள் கையைத் தட்டிக்கொடுத்து. "படபடக்காத. நல்லாத்தான் போவுது. உஷ்."

திரையை இழுத்தார்கள். கண்களை மூடிக்கொண்டார்கள், இந்தக் கூட்டம் அப்படித்தான் கேட்கும். புருஷன் ஒரு குமிழில் இரண்டு விரலை வைத்தான். இடப்பக்கம் ஒரு மயிரிழை திருப்பினான்.

ஏறுவதற்கு நேரமானது.

இறங்கவும்.

அவள் எழ முயன்றாள். கால் கேட்கவில்லை. குதிகாலால் தரையை உதைத்தாள், ஒருமுறை, இரண்டுமுறை. டீச்சர் அதையும் தாளம் என்று எடுத்துக்கொண்டு விரலால் மெல்லத் தட்டினாள்.

இன்னொரு மயிரிழை.

ஏற்றம் பாதியில் நின்றது. விசில் வரை வரவில்லை. அறை ஓரங்கள் கறுத்தன. வார்னிஷ் வாசனை, எங்கிருந்தோ. தன் காதுக்குள்ளேயே ரத்தம் இடிக்கிற சத்தம்.

பிறகு அமைதி.

வாசிக்கிறவன் குமிழிலிருந்து கையை எடுக்கும்வரை பாட்டு முடியவில்லை என்று இவர்களுக்கு அர்த்தம். அதுவரை ஒருவர் அசையமாட்டார், ஒருவர் இருமமாட்டார். ஏழு பேரும் அந்த அமைதிக்காக நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்கள்.

புருஷன் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை குமிழின் மேலேயே இருந்தது.

ரேடியோ அண்ணன், மூடிய கண்ணோடு, பிரமாதம் என்பது போல மெல்லத் தலையாட்டினார்.