விசில் கேட்கணும், வெடி கேட்கக் கூடாது

இந்தக் காலத்து ஆட்களுக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை. டீக்கடையில் ரேடியோவைத் திருகி அலற விடுகிறார்கள். ஒரு கல்யாணம் என்றால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடிவதற்கு முன்னால் ஊரையே எழுப்பிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவனிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. சத்தத்தை எல்லாம் இவர்களே உண்டாக்குவது. பிறகு காதை மூட ஒரு கருவி வேண்டும் என்று இவர்களே அலைவது.

ரோஸ் என்ற சின்னப் பிள்ளையும் அப்படித்தான் அலைந்தாள். ஆனால் அந்தப் பிள்ளை அலைந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

என் பெயர் பால்துரை. மாப்பிள்ளையூரணிக்கு அப்பால், கடல் பக்கமாக ஒரு பெரிய மணல்மேடு உண்டு. அதற்கு முன்னால் துப்பாக்கி சுடும் கிளப்பின் மைதானம். தகரக் கொட்டகைக்குள் பாயில் படுத்துக்கொண்டு, தூரத்தில் மாட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துச் சுடுவார்கள். பந்து விளையாடுவது போல இதுவும் ஒரு விளையாட்டுதானாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் எனக்கு வேலை அங்கேதான்.

சுடும்போது நான் சிவப்புக் கொடியை ஏற்ற வேண்டும். சுந்தர்சிங் சார் விசில் ஊதினால், எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் கொடியை இறக்கிவிட்டு நடந்து போய், ஓட்டை விழுந்த அட்டையைக் கழற்றிப் புதிய அட்டையை மாட்டிவிட்டு வருவேன். சார் நாசரேத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். மைதானத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

சனிக்கிழமை தோறும் மில்லர்புரத்திலிருந்து அற்புதமணி என்ற பெண் சுட வருவாள். கல்லூரியில் படிக்கிறவள். அவள் பின்னாலேயே அவள் தங்கச்சி ரோஸ் வருவாள். ஐந்தாம் வகுப்பு. ரோஸ் துப்பாக்கியைத் தொட மாட்டாள். அக்காவுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொண்டு வருவாள், பாயை உதறி விரிப்பாள், மீதி நேரமெல்லாம் என்னிடம் கேள்வி கேட்பாள்.

"தாத்தா, அட்டைக்கு வலிக்குமா?"

"வலிச்சா அதுவே சொல்லும். போய் உக்காரு."

அற்புதமணிக்கு ஒரு தொல்லை இருந்தது. தகரக் கொட்டகைக்குள் வெடிச் சத்தம் முட்டி மோதித் திரும்பும். வீட்டுக்குப் போன பிறகும் அவள் காதுக்குள் வண்டு ரீங்காரம் போடுமாம். அதைவிட மோசம், சத்தத்துக்குப் பயந்து, வெடிப்பதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிவிடுவாள். கண்ணை மூடினால் குறி எப்படி வரும்? குண்டு மணலைத்தான் துளைக்கும். மதுரைப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் சுட வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். போதவில்லை. பஞ்சை மெழுகில் தோய்த்து வைத்தாள். அது வெயிலில் இளகிக் கழுத்தில் வழிந்தது. அவளுடைய அப்பா தேவதாசன் துறைமுகத்தில் வேலை பார்த்தார். கப்பலின் இயந்திர அறையில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிற காதுமூடி ஒன்றை ஒரு கப்பல்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார். இரண்டு தேங்காய்ச் சிரட்டையை இரண்டு காதிலும் கவிழ்த்தது போல இருந்தது.

அதை மாட்டிக்கொண்டு சுட்டாள். கண் மூடவில்லை. குண்டெல்லாம் அட்டையின் நடுக் கறுப்பிலேயே விழுந்தது. சார் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சுற்றில்தான் அது நடந்தது.

சார் விசில் ஊதினார். நான் கொடியை இறக்கிவிட்டு நடந்தேன். கடைசிப் பாயில் படுத்திருந்த அற்புதமணிக்கு மட்டும் விசில் கேட்கவில்லை. அவள் துப்பாக்கியில் இன்னும் ஒரு குண்டு இருந்தது. அட்டையைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. சார் கத்தினார். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

ரோஸ் கத்தவில்லை. கத்திப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். அக்காவைப் பிடித்து உலுக்கவும் இல்லை. உலுக்கினால் விரல் விசையை இழுத்துவிடும். பின்னாலிருந்து குனிந்து, தன் உள்ளங்கையை அக்காவின் கண்ணுக்கு முன்னால் வைத்தாள். குறி மறைந்துபோனது. அற்புதமணி விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

எனக்கு எதுவும் தெரியாது. அட்டையை மாட்டிவிட்டுத் திரும்பி வந்தால், அற்புதமணி அழுதுகொண்டிருக்கிறாள். சாரின் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கிறது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள்.

சார் அந்தக் காதுமூடியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். விசில் கேட்காதவர்கள் இங்கே சுடக் கூடாது, மதுரையிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பஞ்சு. மறுபடியும் கண்ணை மூடினாள். மறுபடியும் மணல்.

எனக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. அட்டை மாட்ட நடக்கும்போது கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. அப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், அட்டை மாட்டும் கம்பத்தில் முட்டிக்கொண்டேன். நெற்றி புடைத்துவிட்டது.

ரோஸ் எலுமிச்சைத் தண்ணீரோடு வந்தாள்.

"ஏன் தாத்தா திரும்பித் திரும்பிப் பாக்குதீங்க?"

"கழுத்துல பிடிப்பு."

"பிடிப்புன்னா கழுத்தைத் திருப்பவே முடியாதுல்லா?"

நான் எலுமிச்சைத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, காலால் மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"விசில் கேக்கணும். வெடி கேக்கக் கூடாது. அப்படி ஒரு காதுமூடி இருந்தா உங்களுக்கும் பயம் இருக்காது, அக்காவுக்கும் இருக்காது."

"எனக்கு எங்க பயம்? அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாதுளா. போய் பாயைச் சுருட்டு."

அவள் பாயைச் சுருட்டினாள். ஆனால் நான் சொன்னதை நம்பவில்லை போலிருக்கிறது.

மில்லர்புரத்தில் செல்லப்பாண்டி என்று ஒருவன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். ரோஸ் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போனாளாம். இது செல்லப்பாண்டியே பிறகு என்னிடம் சொன்னது. கடல் தாண்டினால் இலங்கை. அங்கேயுள்ள ரேடியோ ஸ்டேஷன் பலமாக வரும். தூரத்து ஸ்டேஷன் லேசாகத்தான் வரும். ஆனால் வீட்டு ரேடியோவில் இரண்டும் ஒரே அளவாகக் கேட்கிறதே, அது எப்படி என்று கேட்டிருக்கிறாள்.

பலமாக வருவதை அமுக்கி, லேசாக வருவதைத் தூக்கிவிட உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று அவன் சொன்னான்.

"அந்த ஏற்பாட்டை எங்க அக்கா காதுல மாட்ட முடியுமா அண்ணாச்சி?"

செல்லப்பாண்டி கையிலிருந்த ரேடியோவைக் கீழே வைத்துவிட்டான். அன்று அவன் வேறு வேலையே பார்க்கவில்லையாம்.

சாரிடம் கேட்டு அந்தக் கப்பல் காதுமூடியை வாங்கினார்கள். செல்லப்பாண்டி அதன் வெளிப்பக்கம் சின்ன மைக்குகளைப் பதித்தான். உள்ளே சின்ன ஸ்பீக்கர்களை வைத்தான். நடுவில், பழைய ரேடியோவிலிருந்து எடுத்த டிரான்சிஸ்டர்களை வைத்துத் தன் கைவேலையைக் காட்டினான். பேட்டரி போட்டால், பேச்சுக் குரல் உள்ளே வரும். வெடி மாதிரிப் பெரிய சத்தம் வந்தால், வழியை அடைத்துவிடும்.

முதலில் செய்தது சரியாக வரவில்லை. பேட்டரிப் பெட்டி வலது காதுப் பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. ரோஸ் அக்காவை வீட்டில் குப்புறப் படுக்க வைத்து, துடைப்பக் கட்டையைத் துப்பாக்கி மாதிரிப் பிடிக்கச் சொன்னாள். கன்னத்தைச் சாய்த்ததும் பெட்டி கட்டையில் இடித்து, காதுமூடி நழுவியது. பெட்டியை இடுப்புக்கு மாற்றச் சொன்னாள். அடுத்து, மைதானத்துக் கடற்காற்று மைக்கில் மோதி 'ஊ' என்று ஊளையிட்டது. அப்பாவின் பழைய காலுறையை வெட்டி மைக்கின்மேல் ஒட்டினாள். ஊளை நின்றது. அப்பாதான் ஒற்றைக் காலுறையோடு வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை வந்தது. துப்பாக்கியை எடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ரோஸ் பிடிவாதம் பிடித்தாள். அக்காவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். என் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, பின்னால் நின்று தகரத்தில் அடிக்கச் சொன்னாள்.

பஞ்சு வைத்துக்கொண்டபோது அடித்தேன். அற்புதமணி துள்ளி விழுந்தாள். மெழுகுப் பஞ்சு வைத்தபோதும் தோள் குலுங்கியது. அடுத்தது பேட்டரிக் காதுமூடி. முதலில் பேட்டரியைப் போடாமலே மாட்டினாள். நான் அடித்த அடிக்கு அற்புதமணி அசையவில்லை. ரோஸ் கூப்பிட்டதற்கும் அசையவில்லை. பிறகு பேட்டரியைப் போட்டாள். இந்த ஏமாற்று வேலையை ஒரே அடியில் காட்டிக்கொடுத்துவிடலாம் என்று, கையில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். கூரையில் இருந்த காக்கைகள் பறந்தன. அற்புதமணி அசையவில்லை.

ரோஸ் எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சார், அக்கா நேத்து கருப்பட்டியை எடுத்துத் தின்னுட்டு, என் மேல பழியைப் போட்டு அம்மாகிட்ட சொல்லிட்டா."

அற்புதமணி சுவரைப் பார்த்தபடியே, "பாதி நீயுந்தானளா தின்ன" என்றாள்.

சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, துப்பாக்கிக்கு முன்னால நடந்து போறது நீங்கதான். நீங்க சரின்னாத்தான் இந்தப் பிள்ளை இதை மாட்டிச் சுடும். இல்லைன்னா மதுரையும் வேண்டாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அற்புதமணி மட்டும் தரையைப் பார்த்தாள்.

நான் மனதில் பட்டதைச் சொன்னேன். பேட்டரி செத்துப்போகும். வயர் அறுந்துபோகும். இந்த உப்புக்காற்றில் இரும்பே துருப்பிடித்துப்போகிறது, இது எம்மாத்திரம்? அது பாட்டுக்கு நின்றுபோனால் நின்றது யாருக்குத் தெரியும்? எனக்கு நம்பிக்கை இல்லை.

ரோஸ் கோபப்படவில்லை. "தாத்தா சொல்லுதது சரிதான் சார்" என்றாள். நான் சொன்னதைச் சரி என்று யாராவது சொல்லி நெடுநாள் ஆகியிருந்தது.

அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"விசில் ஊதின பொறவு நான் ஒவ்வொரு பாயா பாக்கேன் தாத்தா. எல்லாத் துப்பாக்கியும் கீழ இருந்தாத்தான் கையைத் தூக்குவேன். அதுவரைக்கும் நீங்க அங்கனயே நில்லுங்க. பேட்டரி செத்தாலும் நான் பாத்துக்கிட்டுத்தான இருப்பேன்."

"நீ காய்ச்சல்ல படுத்துட்டா?"

"சார் தூக்குவாங்க."

சார் தலையை ஆட்டினார். இனி இதுதான் சட்டம் என்றார். காதுமூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கை உயராமல் யாரும் நடக்கக் கூடாது.

சரி, சுட்டுத் தொலைக்கட்டும் என்றேன்.

அதற்குள் ரோஸ் அந்தக் காதுமூடியை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டாள். பிடுங்கப் போனவன், கையை அப்படியே நிறுத்திக்கொண்டேன். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வரும், போகும், மறுபடி வரும். கடல் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது என் காதுக்கு எட்டி வருஷக்கணக்காகிறது.

"என்ன தாத்தா கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல" என்று கழற்றிக் கொடுத்துவிட்டேன். கடல் சத்தமோ, டப்பா தானாகப் போடுகிற சத்தமோ, யார் கண்டது?

மதுரைக்குப் போய் அற்புதமணி இரண்டாவது பரிசு வாங்கி வந்தாள். அங்கே இருந்த பெரிய மனிதர்கள் அந்தக் காதுமூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்களாம். இதில் சினிமாப் பாட்டு வருமா என்று ஒருவர் கேட்டாராம். விசில் வரும் என்று ரோஸ் சொன்னாளாம்.

ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை, எனக்கும் அப்படி ஒன்று செய்து தருவதாகச் செல்லப்பாண்டி மைதானத்துக்கே வந்து சொன்னான். கடல் சத்தத்துக்காகவாவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் தாத்தா என்று ரோஸும் கேட்டாள். நான் அன்று பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேட்டரிப் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சார் விசில் ஊதினார்.

நான் நின்றேன். ரோஸ் ஒவ்வொரு பாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பாய் வந்ததும் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கையை நன்றாக மேலே தூக்கினாள்.

கொடியை இறக்கிவிட்டு நடந்தேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த டப்பாவை நம்பி அல்ல. அதை நான் இன்னும் நம்பவில்லை.