வாயில் வராத பெயர்

மேற்கே செவ்வானம் இன்னும் மங்காதிருக்கையிலேயே கிழக்கே முழுமதி எழுந்துவிட்டபடியால், நெய்தலரையரின் கோட்டை மதிலைத் தழுவிக் கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காயலாறு பாதி செம்பும் பாதி வெள்ளியுமாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த எழிலைக் கண்குளிரப் பார்த்து நிற்க நமக்கு வேண்டுமானால் நேரம் உண்டு. படகில் விரைந்துகொண்டிருந்த அல்லியங்கோதைக்கு இல்லை. ஆற்றின் முகத்துவாரத்தில் நங்கூரமிட்டிருந்த சாலித் தீவின் மரக்கலத்திலே பாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கலம் போனால் அவள் வாழ்வும் அதனோடு போய்விடும்.

மிகைப்படுத்துவதாக எண்ணாதீர்கள், வாசகர்களே! அல்லியங்கோதையை மணக்கவிருந்த மாலுமி இளநாகன், போன ஆண்டுப் புயலில் திசை தப்பிச் சாலித் தீவினரிடம் சிறைப்பட்டிருந்தான். அவனோடு நாற்பது பேர். அவர்களை மீட்கத்தான் அன்று பிற்பகல் நெய்தலரையரின் அவையில் சமாதானச் சத்தியம் நடந்தது. தாய் சாலித் தீவினள் ஆதலால், அந்த அவையில் இரு தரப்புப் பேச்சையும் மொழிபெயர்த்தவள் அல்லியங்கோதைதான். ஒன்பது வயதில் தாயை இழந்தவள். அதுவரை கற்ற மொழியே அவளுக்குச் சோறு போட்டது.

சாலித் தீவில் ஒரு வழக்கம். சத்தியம் செய்பவன் தன் அரசனுடைய தாயின் பெயரைச் சொல்வான். சத்தியத்தை ஏற்பவன் அதே பெயரைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சத்தியம் உயிர்பெறும். தூதன் தமோரி அந்தப் பெயரை முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தான். அவர்கள் மொழியில் அதற்கு வைகறை மழை என்று பொருளாம். நம் தமிழிலோ அது எப்படி ஒலித்தது என்பதை எழுத என் எழுத்தாணி கூசுகிறது. கேட்டதும் அல்லியங்கோதைக்குச் சிரிப்பு பீறிட்டது; இருமுவதுபோல் பாசாங்கு செய்து சமாளித்தாள்.

தனக்கே சிரிப்பு வந்தால் அவையோருக்கு வராதா? அதனால் அவையில், தமோரியின் வேகமான பேச்சில் மற்றவர்களுக்குப் பிரிந்து கேட்காத அந்தப் பெயரை விழுங்கிவிட்டு, "வைகறைமழை அம்மையார்" என்று தமிழாக்கிக் கொடுத்தாள். கிழவரான நெய்தலரையரும் கம்பீரமாக "வைகறைமழை அம்மையார்" என்றார். தமோரியின் முகம் கறுத்தது. வாளை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான்.

இப்போது கலத்தின் மேல்தளத்தில் அவன் எதிரே அவள் மூச்சிரைக்க நின்றாள்.

"தூதரே! பெயரை மாற்றியது நான். அரசர் மேல் பிழையில்லை. எங்கள் மொழியில் அது... வாய்கூசும் சொல்லாக ஒலிக்கிறது. அவையோர் சிரித்துத் தங்களை அவமதித்துவிடக் கூடாதே என்றுதான்..."

தமோரி பாய்க்கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்குப் பொறுங்கள் என்று கைகாட்டினான்.

"பெண்ணே! நெய்தலரையர் என்கிறீர்களே, அந்தப் பெயர் எங்கள் காதில் எப்படி விழுகிறது தெரியுமா? உன் தாய் உனக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டாள். எங்கள் பன்றி மேய்ப்பவர்கள்கூடக் கள் குடித்த பிறகுதான் அந்தச் சொல்லை எடுப்பார்கள். புறப்பட்ட அன்று என் மாலுமிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இருபது நாள் கடலில், சிரிக்காமல் சொல்ல அவர்களைப் பழக்கினேன். இன்று உங்கள் அவையில் ஏழு முறை சொன்னேன். என் உதடு துடித்ததா?"

"இல்லை" என்றாள் அவள்.

"உங்கள் அவையை நீ ஒரு கணம் நம்பியிருக்கலாம். அந்தப் பெயருக்குரியவள் யார் தாய் என்று நினைத்தாய்? என் தாய். நான் தூதன் அல்லன். சாலித் தீவின் அரசன். சத்தியம் முடிந்ததும் இங்கேயே கையோடு ஒப்படைக்கலாமென்று உங்கள் ஆட்களையும் அழைத்து வந்தேன். இந்தப் பலகைக்குக் கீழேதான் இருக்கிறார்கள்."

அல்லியங்கோதை தன் பாதங்களைப் பார்த்தாள். பலகைக்கு அடியில் யாரோ இருமினார்கள். இளநாகனாக இருக்குமோ? அவள் கதறி மண்டியிட்டாள்.

"நீர் வடியத் தொடங்கிவிட்டது" என்றான் தமோரி. "தாமதித்தால் கலம் மணலில் தட்டிவிடும். நீர் தாங்கும்வரை நிற்கிறேன். உன் அரசர் வாயால் என் தாயின் பெயரைக் கேட்கவேண்டும். அதற்குமேல் எனக்காகக் கடல் காத்திராது."

அவள் பறந்தாள். அரசரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை, பெயரையும் மறைக்கவில்லை. முதியவர் உடனே எழுந்தார். பல்லக்கு வரும்வரை பொறுக்காமல் காலணியின்றி ஆற்றங்கரைக்கு ஓடினார். அவை முழுவதும் பின்னே ஓடியது. கரையில் நின்று, நிலவொளியில் கைகளைக் கூப்பி, அந்தப் பெயரைக் குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல் உரக்கக் கூவினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

ஒருவரும் சிரிக்கவில்லை. படைவீரர் சிரிக்கவில்லை, வேடிக்கை பார்க்க வந்த மீனவப் பெண்கள் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேலி பேசும் அவைக் கோமாளிகூடத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஆனால் பாய் விரித்த கலம் முகத்துவாரத்தைத் தாண்டி நெடுந்தூரம் போயிருந்தது. அதன் விளக்கு அலையில் ஒருமுறை தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை.

அந்தப் பெயருக்குச் சிரித்தவள் இந்த நாட்டிலேயே தான் ஒருத்திதான் என்பது அல்லியங்கோதைக்கு அப்போது உறைத்தது. மற்றவர்களுக்கும் தன் மனமே இருக்கும் என்று எண்ணிவிட்டாள், பாவி! அவள் குனிந்து ஆற்றுநீரைக் கையில் அள்ளினாள்.

"அரசே! அடுத்த பருவக்காற்றில் சாலித் தீவுக்குப் போவேன். அந்த அம்மையாரின் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்வேன். அதுவரை இந்த நாவால் ஒருவர் சொல்லை இன்னொருவருக்கு மாற்றிச் சொல்லமாட்டேன். இது சத்தியம்."

"பருவக்காற்றுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே, அம்மா" என்றார் அரசர்.

விரலிடுக்கில் நீர் முழுவதும் ஒழுகிப்போன பின்னும் கையை நீட்டியபடியே நின்றாள்.