வேலியில் கட்டிய துப்பட்டா

"ஏனுங்க... அசையாம நில்லுங்க!"

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாப். சாயங்கால மழை. நர்மதா திரும்புவதற்குள் அவள் தோளில் ஒரு கை பட்டது.

"கை வைக்காதீங்க! என்ன பழக்கம் இது?"

அவன் விரல்களுக்கு நடுவே கொம்பு வண்டு ஒன்று காலை உதறியது. "இதைத்தானுங்க எடுத்தேன். தென்னங்குருத்தையே தின்னுபோடும்..."

அதற்குள் இன்னொன்று துப்பட்டாவில் வந்து மோதியது. ஐயையோ... பையில் இருந்த சீசா உடைந்து துப்பட்டாவெல்லாம் நனைந்துவிட்டதா!

கோவை ஆய்வகத்தில் அவள் உருவாக்கிய மருந்து அது. கண்ணுக்கே தெரியாத சிலிக்கா துகள்கள், ஒவ்வொன்றிலும் எண்ணற்ற துளைகள். வண்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் வாசத்தை அந்தத் துளைகளில் அடைத்து, மெல்ல மெல்லக் கசியவிட்டுப் பொறிக்குள் இழுக்க வேண்டும். மழையில் ஒரு மாதம் தாங்கினால்தான் ஆராய்ச்சி பிழைக்கும்.

பஸ் வந்தது. துப்பட்டாவை உருவி எறிந்துவிட்டு ஏறினாள். ஜன்னலில் பார்த்தால்... பாழாய்ப்போன அந்தக் கண்கள் சிரித்தன!

மறுவாரம் பொறி வைக்கக் கிருஷிபவன் வேளாண் அலுவலகம் காட்டிய தோப்பில் நின்றவனும் அவனே. லோகேஷ்.

"கை வெக்கக்கூடாதுன்னவங்க, எங்க தோப்புல பொறி மட்டும் வெக்கலாமுங்களா?"

ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்பாளா அவள்? விறுவிறுவென்று திரும்பிவிட்டாள்.

ஒரு மாதம் விடாத மழை. வேறு யாரும் இடம் தரவில்லை. 'மூடிவிடலாம்' என்றார் பேராசிரியர். கிருஷிபவனில் போட்டுவைத்திருந்த பொறிகளைத் திருப்பி எடுத்துப்போக வந்தவள் முன்னால், அதே பஸ் ஸ்டாப்பில், லோகேஷின் பைக் வந்து நின்றது.

"நீங்க கோவிச்சுட்டுப் போன அன்னைக்கே உங்க துப்பட்டாவைத் தோப்பு வேலில கட்டுனேனுங்க. இத்தனை மழையில ஊறியும், தினமும் வண்டு வந்து விழுகுது!"

"இன்னைக்குமா?"

"இப்பக்கூட!"

"பக்கத்துல வேற துணி?"

"எங்கம்மாவோட பழைய சேலையும் அதே வேலிலதான் கட்டியிருக்குங்க. அதை ஒண்ணும் சீண்டலை."

தாங்குகிறது! துளைகள் இன்னும் வாசத்தைக் கசியவிடுகின்றன! அவன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள் நர்மதா.

"கை..." என்றான் லோகேஷ்.

சட்டென்று விட்டாள். முகம் சிவந்துபோனது. "அன்னைக்குத் திட்டினது தப்புங்க... ஆனா, தூக்கி எறிஞ்ச துணியை ஏன் கட்டினீங்க?"

"பஸ்ல போறப்ப உங்க கண்ணுல படோணும்னுதான்... ரோட்டோரமாப் பார்த்துக் கட்டினேன். வண்டுதான் வந்துது. நீங்க வரலை."

மழை வலுத்தது. நர்மதா பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

"பொறி வைக்க இடம் தேடித் தினமும் அந்த வழியாத்தான் போனேன். உங்க தோப்பு வந்தா கண்ணை மூடிக்குவேன்... பார்த்தா இறங்கிருவேன்னு பயமுங்க."