முப்பத்தெட்டு டெசிபெல்

கணினியை அணைத்துப் பத்து நிமிடமாகியும் ஒலிமானி முப்பத்தெட்டு டெசிபெல்லிலேயே நின்றது. ஹட்டன் கடைத்தெரு மாடியிலிருந்த அந்தப் பழுதுபார்க்கும் அறையில், மூடுபனி இறங்கி வீதிச் சத்தத்தையெல்லாம் விழுங்கிவிடும் பிற்பகல்களில், அது முப்பதுக்கு மேல் காட்டியதே இல்லை.

விஜிதரன் அன்று மூன்று கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டிருந்தான். தண்ணீரால் குளிர்வது ஐம்பத்தெட்டு பாகை வெப்பத்தைத் தாண்டவில்லை; பம்பின் முனகல் மட்டும். மூன்று விசிறி வைத்தது அறுபத்தேழு; சத்தம் தூரத்து மழை போல. ஒற்றை ஊதுவிசிறி வைத்த பழைய கார்டோ எண்பத்து மூன்றில் கொதித்து, காது அடைக்க இரைந்தது.

அந்தப் பழையதை மதியம் கொண்டுவந்தவள் பிரியந்தி, செத்துப்போன அவனுடைய கூட்டாளி கிஷாந்தின் தங்கை.

"எங்கண்ணன் சாமானுக்குள்ள கெடந்துச்சு. மூடுன ரூமுக்கு எந்த கார்டுண்ணே நல்லது?"

"இதுதான். சத்தம் போட்டாலும், பின்னால குழாய் வச்சா சூட்ட வெளிய தள்ளிரும். மூணு விசிறி உள்ளயே சுத்த விடும்."

"அது அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுங்களா?"

அவன் கார்டைக் கணினியில் செருகினான். அவள் வெளியே படியில் காத்திருப்பதாகச் சொல்லிப் போனாள்.

தெரியும். டிக்கோயாவில் ஒரு பாழடைந்த தேயிலை ஸ்டோருக்குள், திருட்டு மின்சாரத்தில், இருவரும் கிரிப்டோ எனும் இணைய நாணயம் ஈட்டப் பன்னிரண்டு மூவிசிறி கார்டுகளை ஓட்டினார்கள். 'எல்லாத்தையும் சொல்லிருவேன்' என்று கிஷாந்த் மிரட்டிய மறுநாள் மின்சாரசபையின் சோதனை ஜீப் வந்தது. அவனை உள்ளே வைத்து வெளியே தாழிட்டான் விஜிதரன். கிஷாந்த் மூச்சிழுப்பு நோய்க்காரன். முதலில் தட்டினான். பிறகு கார்டுகளின் சூட்டிலும் கருகிய பிளாஸ்டிக் வாடையிலும் கதவிடுக்கில் வாய் வைத்து மூச்சுக்குப் போராடினான். ஜீப் போன பிறகும் விஜிதரன் திறக்கவில்லை. கதவு இறுகிவிட்டதென்று ஊருக்கு முன்னால் அழுதான்.

ஒலிமானி நாற்பத்தொன்று.

மின்கம்பியைப் பிடுங்கினான். நாற்பத்து நான்கு. மேசையிலிருந்து கருகிய பிளாஸ்டிக் வாடை எழுந்தது. குனிந்து பழைய கார்டில் காது வைத்தான். ஓர் இழுப்பு. நின்றது. மறுபடி இழுப்பு.

கதவுக்கு ஓடினான். திறக்கவில்லை.

"பிரியந்தி! கதவத் தெற!"

வெளியே செருப்புச் சத்தம். மிக அருகில் அவள் குரல், அவசரமேயில்லாமல்.

"கதவு இறுகிருச்சுண்ணே."

குளிரில் அவன் வாயிலிருந்து கிளம்பிய வெண்மூச்சு கலையவில்லை. நூலாக நீண்டு மேசைக்குப் போனது. மூவிசிறி கார்டின் மூன்று விசிறிகளும் தாமாகச் சுழன்றன. இழுத்தன. வாயை மூடினான். மூக்கு வழியாக இழுத்தன. நகங்கள் கதவைப் பிராண்டின.

பிறகு பிராண்டல் இல்லை.

பழைய கார்டின் பின்துளைகளிலிருந்து வெண்ணிற மூச்சு வந்தது. இளஞ்சூடாக. இழுப்பே இல்லாமல். ஒன்றன்பின் ஒன்றாக, ஆழ்ந்து உறங்குகிறவனின் மூச்சுப் போல.