பச்சைப் பென்சில்

கிள்ளானிலிருந்து வரும் காலை ரயில் அன்றைக்குப் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். வண்டி முழுசாக நிற்பதற்குள் வெரோனிகா இறங்கிவிட்டாள். வெளியே கோலாலம்பூர் முழுக்க மழை... ஒரு கையில் குடை, மறு கையில் டிபன் கேரியர், எட்டரைக்கு ஆபீஸ். ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன் தூணைச் சுற்றித் திரும்பியவள் நேராக ஒரு வெள்ளைக் கோட்டின் மீது போய் மோதினாள்.

கேரியரின் மூடி கழன்றது. வெள்ளிக்கிழமை... கத்தோலிக்க வீட்டில் மீன் குழம்பைத் தவிர வேறென்ன இருக்கும்? அதில் பாதி அந்தக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஐயையோ... மன்னிச்சிருங்க. பார்க்கல."

"பார்க்காமதான் இப்படி ஓடுவீங்களா?"

நிமிர்ந்து பார்த்தாள். குரலில்தான் கோபம் இருந்தது. கண்களில் இல்லை. மழை வெளிச்சத்தில் அந்தக் கண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தன. கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த கோட்டு, புதுத் தொப்பி, புதுச் செருப்பு... யாரோ வீட்டில் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னா யாருக்குத் தெரியும்?"

"ஒளியல... மழைக்கு ஒதுங்கினேன். இன்னிக்கு எனக்கு மொத நாள் வேலை, தெரியுமா?"

"தெரியாது. ஆனா வீட்டுல என்ன குழம்புன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

தன் கைக்குட்டையை அவன் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். பாதி வழியில்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வெரோனிகா வேலை பார்த்த இடம் வெள்ளைக்காரர்களின் பெரிய ஆடிட் கம்பெனி. தோட்டங்கள், சுரங்கங்கள், கப்பல் ஏஜெண்டுகள் எல்லோருடைய கணக்கையும் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற இடம். மூன்று மாடி, ஐம்பது பேர். அதில் ஒரே தமிழ் டைப்பிஸ்ட் அவள்தான். கான்வென்டில் படித்துவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் மிஷினிலிருந்து தப்பாக ஒரு தாள் வெளியே போனதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குத் தகுதி இருந்தது.

ஒரு வாரமாக ஆபீஸில் ஒரே பேச்சு. 1936இல் அந்தக் கம்பெனி முதன்முதலாக ஒரு தமிழ்ப் பையனை ஆடிட் உதவியாளராக எடுக்கிறது... மெட்ராஸில் பி.ஏ. படித்தவனாம். அதுவரை தமிழர்களுக்கு அங்கே குமாஸ்தா நாற்காலிதான். இவன் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அன்றைக்குக் காலையில் இவனை வழியனுப்ப பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸே வாசலில் வந்து நின்றதாம்.

ஒன்பது மணிக்குத் தலைமைக் குமாஸ்தா ராதாகிருஷ்ணன் அந்தப் பி.ஏ.வை அழைத்துக்கொண்டு வந்தார். மாடி முழுக்க மீன் குழம்பு வாசனை வந்தது. வெரோனிகா டைப் மிஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவர் மிஸ்டர் சிரில். மூணு மாசம் டிரையல். அப்புறம்தான் உறுதி." ராதாகிருஷ்ணன் மூக்கைச் சுருக்கியபடியே ஒரு பச்சைப் பென்சிலை எடுத்து நீட்டினார். "இந்த ஆபீஸ்ல பச்சைப் பென்சில் ஆடிட் பண்றவங்களுக்கு மட்டும்தான். ஆளுக்கு ஒரு டிக். ஒருத்தர் டிக் மாதிரி இன்னொருத்தருது இருக்கக்கூடாது. உங்க டிக்கை இந்தப் புஸ்தகத்துல போடுங்க. இனிமே நீங்க எங்க அதைப் போட்டாலும், 'நான் என் கண்ணால பார்த்தேன்'னு சத்தியம் பண்ணின மாதிரி."

சிரில் ஒரு கணம் யோசித்தான். பிறகு ஒரு டிக் போட்டு, அதன் வாலில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தான். பென்சிலைப் பிடித்திருந்த விரல்கள் லேசாக நடுங்கியதை வெரோனிகா பார்த்துவிட்டாள். நம்ம ஆள் ஒருத்தன் அந்தப் புத்தகத்தில் எழுதுகிறான்... அதைப் பார்க்க அவளும் அங்கே இருக்கிறாள்.

அதற்குப் பிறகு தினமும் கொஞ்ச நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. அந்த ஆபீஸின் வழக்கம் அது. டைப் அடித்த ஒவ்வொரு தாளையும், எழுதியவர் தன் மூலத்திலிருந்து உரக்க வாசிக்க வேண்டும். அடித்தவள் தாளில் விரல் வைத்து வரி வரியாகச் சரி சொல்ல வேண்டும். காற்புள்ளியைக்கூட விடக்கூடாது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சுருதியில் சிரில் வாசிப்பான். அவள் "சரி... சரி..." என்பாள். காதுக்கு அலுக்க வேண்டிய குரல்தான். அக்டோபர் மழை ஜன்னலில் விழும்போது ஏன் அந்தக் குரல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்காதா என்று இருந்ததோ...

"கைக்குட்டையைத் திருப்பித் தரவே இல்லையே நீங்க," என்றாள் ஒரு நாள்.

"கறை போகல."

"போகாட்டி பரவால்ல, குடுங்க."

"கறை போகலன்னு சொல்றது குடுக்காம இருக்கத்தான்," என்று சொல்லிவிட்டு, அதே சுருதியில் அடுத்த வரியை வாசித்தான். அவள் இரண்டு வரிக்குச் "சரி" சொல்ல மறந்துபோனாள்.

நவம்பரில் அவனுக்குத் தனியாக ஒரு வேலை கிடைத்தது. கிள்ளானில் ஒரு சீனத் தவ்கே முதலாளியின் ரப்பர் கிடங்கு. கம்பெனிக்கு அது புதிய இடம். அங்கே இருக்கிற ரப்பர் கட்டுகளை எண்ண வேண்டும். பிறகு தானே ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்து, அடிவரை பிரித்து, தாளில் எழுதியிருக்கிற ரகம்தான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் வேலை உறுதி என்று ராதாகிருஷ்ணன் சொல்லியிருந்தார்.

"அங்க கணக்கு எழுதற ஹெட் கிராணி எங்க அப்பா," என்றாள் வெரோனிகா. "ஸ்டானிஸ்லாஸ்னு பேரு. கொஞ்சம் கோபக்காரரு லா. பார்த்து நடந்துக்குங்க."

வியாழக்கிழமை சிரில் கிள்ளானுக்குப் போனான். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் அப்பா என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தோடு சாப்பிட உட்கார்ந்தார்.

"அந்தப் பிரிக்பீல்ட்ஸ் பையன் வந்திருந்தான்மா. நூத்திப் பன்னெண்டு கட்டையும் ஒண்ணு விடாம எண்ணினான். பதினேழாம் நம்பரைப் பிரிக்கணும்னான். நான் சொன்னேன்... தம்பி, இருபத்திரண்டு வருஷமா இந்தக் கித்தா ரப்பரோடதான் இருக்கேன், உள்ள இருக்கிறது மொத ரகம்தான்னு. அவன் உடனே, 'நீங்க சொன்னா சரிங்க ஐயா'ன்னு டிக் போட்டுட்டான். படிச்சிருந்தும் பெரியவங்ககிட்ட மரியாதை இருக்கு பாரு."

வெரோனிகா தட்டைத் தள்ளி வைத்தாள். அப்பாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது... எந்தப் பெண்ணுக்கும் இனிக்க வேண்டிய செய்தி. ஆனால் பார்க்காமல் டிக் போட்டிருக்கிறான். நாளைக்கு அந்தத் தாள் அவள் மேஜைக்குத்தான் வரும்.

வந்தது. பதினேழாம் நம்பருக்கு எதிரே, 'அடிவரை பிரித்துப் பார்க்கப்பட்டது' என்ற வரி. பக்கத்தில் புள்ளி வைத்த பச்சை டிக். அடித்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பாவும் சந்தோஷப்படுவார், அவன் வேலையும் உறுதியாகும். வெரோனிகா தாளை எடுத்துக்கொண்டு அவன் மேஜைக்குப் போனாள்.

"இதை நான் அடிக்க மாட்டேன்."

அவன் முகம் சிவந்தது. "உங்க அப்பா சொன்னதைத்தானே நம்பினேன்? அவ்வளவு பெரியவர்கிட்ட, பிரிச்சுக் காட்டுங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

"எங்க அப்பா சொன்னதை நான் நம்பலாம். நீங்க நம்பக்கூடாது. அதுக்குத்தானே உங்களை அனுப்பினாங்க?"

"டைப்பிஸ்ட் வேலை டைப் அடிக்கிறது."

சொன்ன மறு நொடியே அவன் கண்கள் மன்னிப்புக் கேட்டன. அவள் பார்க்கவில்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். முதுகு நேராக இருந்தது. தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு ஆசையாக ஒருத்தனைப் பார்த்துவிட்டு, அவன் வாயால் இதைக் கேட்க வேண்டுமா...

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். காலையில் சிரில் நேராக ராதாகிருஷ்ணன் முன்னால் போய் நின்றதை அவள் பார்த்தாள். மாடியே கேட்கும்படி அவன் சொன்னான்.

"சார், ஒரு டிக் பார்க்காம போட்டுட்டேன். தப்பு என்னுது."

ராதாகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னிக்கே திரும்பப் போங்க. துரைகிட்ட நான் மறைக்க மாட்டேன். திங்கக்கிழமை அவர் என்ன சொல்றாரோ அதுதான்."

மத்தியான ரயிலில் இருவரும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கிள்ளானில் இறங்கும்போது அவன் மெல்லச் சொன்னான். "நேத்து சொன்னது... அதுவும் தப்புதான்." அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் அவன் கூடவே கிடங்குக்கு நடந்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் வார்த்தை போதலையா தம்பி?"

"எனக்குப் போதுங்க ஐயா. ஆனா நான் பார்த்தேன்னு எழுதியிருக்கேன். பார்க்கல. நீங்க என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. பதினேழாம் நம்பரைப் பிரிக்கணும்."

அவன் கால்கள் நகரவில்லை. அப்பாவின் தாடை இறுகுவதை வெரோனிகா பார்த்தாள். இனி இவனை வீட்டுப் பக்கம் சேர்க்கவே மாட்டார்... அது தெரிந்தேதான் நிற்கிறான். அந்த நொடியில் அவளுக்கு அவன் மேல் வந்தது பயமோ பரிதாபமோ அல்ல, பெருமை.

அப்பா ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டு பிரிந்தது. புகை வாசனையோடு ரப்பர் தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிரில் கோட்டைக் கழற்றிவிட்டு மண்டி போட்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். எல்லாம் முதல் ரகம். பாதி... முக்கால்... கடைசித் தகட்டைப் புரட்டியவன் அப்படியே கையை நிறுத்தினான்.

தகட்டின் மூலையில் சுண்ணாம்புக் கட்டியால் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. அதன் கீழே 'ஸ்டா' என்று இரண்டு எழுத்து.

"இது என்னங்க ஐயா?"

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து அந்தக் குறியை விரலால் தொட்டார். "நான் பார்த்தேன்னு அர்த்தம் தம்பி. ஒவ்வொரு கட்டும் கட்டறதுக்கு முன்னால அடித்தகட்டுல போடுவேன். யாரும் கேக்கல, நானா போடறது. எத்தனையோ பேர் சோதிக்க வந்தாங்க... மேல நாலு தகட்டைத் தட்டிட்டுப் போயிருவாங்க. இருபத்திரண்டு வருஷத்துல இதைப் பார்த்த மொத ஆள் நீதான்."

மூன்று வருஷமாக அப்பாவோடு ஆபீஸ் பேச்சு பேசியிருக்கிறாள். அவளுக்கே இது தெரியாது. அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிரிலின் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"மழை வர மாதிரி இருக்கு. வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போ."

"இன்னிக்கு வேணாங்க ஐயா. நான் சோதிக்க வந்தவன். இன்னொரு நாள்... வேற வேலையா வரேன்."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் மேலே மோட்டு வளையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் துரையின் அறைக்குப் போன சிரில் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து மூலத்தைப் பிரித்தான். வெரோனிகா தான் அடித்த தாளில் விரல் வைத்தாள்.

அவன் அதே சுருதியில் வாசித்தான். "பதினேழாம் நம்பர் கட்டு. முதல் முறை பிரிக்கப்படவில்லை. இரண்டாம் முறை அடிவரை பிரித்துப் பார்க்கப்பட்டது. முதல் ரகம்."

"சரி."

"பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ், சிரில். இன்று காலை வேலை உறுதி செய்யப்பட்டது."

அவள் விரல் நின்றது. அவன் நிமிரவில்லை. சுருதியும் மாறவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"கிள்ளான் வெரோனிகாவை மூன்று மாதமாக நேசிக்கிறான். அவர் சம்மதித்தால், வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் தன் தகப்பனாரோடு அவர் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருவான்."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைகளில் டைப் மிஷின்கள் தடதடத்தன.

"அந்த வரி என் தாள்ல இல்லையே," என்றாள் மெதுவாக.

"இனிமேதான் சேர்க்கணும்."

"பார்க்காம எழுதின வரியா?"

அவன் இப்போது நிமிர்ந்தான். முதல் நாள் மழையில் பார்த்த அதே கண்கள். இன்றைக்கு அவை தடுமாறவில்லை.

"மொத நாளே பார்த்துட்டேன். மீன் குழம்போட."

வெரோனிகா கையை நீட்டினாள். "அந்தப் பென்சிலைக் குடுங்க."

"பச்சைப் பென்சில் டைப்பிஸ்டுங்களுக்குக் கிடையாதே..."

"குடுங்கன்னா."

கொடுத்தான். மூன்று வருஷமாக மற்றவர்கள் பார்த்ததையே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அவன் மை ஒற்றும் தாளை இழுத்து அதன் மூலையில் ஒரு டிக் போட்டாள். வாலில் புள்ளி வைக்கவில்லை. அப்பாவின் குறியைப் போல் சின்னதாக ஒரு சிலுவை வைத்தாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"இது என்னோட டிக்," என்றாள். "நானும் பார்த்துட்டுத்தான் போடறேன்."