பால் வராத கடை

சிவராஜும் ஜெயப்ரியாவும் சேர்ந்து போன கடைசி உல்லாசப் பயணம் அது. அப்போது இருவருக்கும் அது தெரியாது. மாநில எல்லைப் பக்கம், சானமாவுக் காட்டைத் தாண்டியிருந்த கேளிக்கைப் பூங்காவில் சிவராஜின் கம்பெனிக்குக் குடும்ப விழா. புல்தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலையைத் தேய்த்து, தோலை ஊதிவிட்டு, மனைவியின் கையில் கொட்டிக்கொண்டிருந்தார் அவர். பாதித் தோல் அவள் முகத்தில்தான் பறந்தது.

"வேணும்னே ஊதறீங்க."

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது ஜெயா."

அப்போது பழச்சாறுக் கடையில் வேலை செய்யும் மாதேஸ்வரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், உங்க கம்பெனில எந்த பார்ட் ரிஜெக்ட் ஆனாலும் நீங்கதான் காரணம் கண்டுபிடிப்பீங்களாமே. என்னைக் காப்பாத்துங்க சார். சாயங்காலத்தோட நின்னுக்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

விஷயம் இதுதான். சிவராஜின் கம்பெனியில் வேலை பார்க்கும் மேகலாவின் ஆறு வயது மகளுக்குப் பால் ஒவ்வாமை. பால் கலக்காததா என்று இரண்டு முறை கேட்டுத்தான் மேகலா மாம்பழ ஸ்லஷ் வாங்கினாள். அரைத்த ஐஸும் பழக்கூழும்தான் என்றாள் மாதேஸ்வரி. பத்து நிமிடத்தில் குழந்தைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கைப்பையில் இருந்த மருந்தை உடனே கொடுத்து, பூங்கா மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள் மேகலா. இப்போது தடிப்பு அடங்கி, பூங்காவின் குட்டி ரயிலில் ஏறுவேன் என்று குழந்தை அடம்பிடிக்கிறாள். குழந்தை தேறிவிட்டாள், மாதேஸ்வரிதான் தேறவில்லை.

"எங்க கடைக்குப் பாலே வராது சார். மில்க்‌ஷேக் கடை குளத்துக்கு அந்தாண்ட இருக்குது."

சிவராஜ் துண்டை உதறி மடிப்பதற்குள் ஜெயப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டு பாதி தூரம் போயிருந்தாள்.

கடையில் இரண்டு ஸ்லஷ் மெஷின்கள். ஒன்று பழசு. மற்றொன்று பளபளவென்று, சந்தனமும் குங்குமமும் சாமந்தி மாலையுமாக நின்றது. காலடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். பக்கத்துத் தட்டில் உடைத்த தேங்காய், கற்பூரக் கரி, நகத்தளவில் வெட்டிய நீல பிளாஸ்டிக் துண்டு ஒன்று. ஜெயப்ரியா குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடினாள். காகிதக் கோப்பைகளும் உறிஞ்சு குழல்களும்தான் இருந்தன. பழக்கூழ் டப்பாவின் சீட்டையும் எழுத்து விடாமல் படித்தாள். அதிலும் பால் இல்லை.

மேனேஜர் சென்னகிருஷ்ணன் வந்தார். "என்ன சார் விசாரணை? மில்க்‌ஷேக் கடைக் கரண்டியத் தூக்கிட்டு வந்திருப்பா. கேட்டா ஒத்துக்க மாட்டேங்கறா."

"இந்தக் கடைக்குள்ள இன்னைக்குப் பால் வந்துச்சா?" என்று கேட்டார் சிவராஜ்.

"சொட்டு வரல."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்பெனி லாரி டிரைவர் ஆனந்தராஜ் முன்னால் வந்தார். "புது மெஷின்ல மொதக் கிளாஸ் அந்தப் பாப்பாவுக்கு. ரெண்டாவது எனக்கு. எனக்கும் பால் ஆகாது, ஊருக்கே தெரியும். வயிறு கம்முனு இருக்குது. அதுல பாலே இல்லைங்க. அந்தம்மா வேற என்னத்தையோ குடுத்திருக்கும்."

கூட்டத்தில் நின்ற மேகலாவின் முகம் சிவந்தது. ஜெயப்ரியா கணவரின் காதில் கிசுகிசுத்தாள். "அந்தாளு பொய் சொல்றாரு. முகத்தப் பாருங்க, வயித்து வலி தெரியுது."

"அவரு முகமே அப்படித்தான் ஜெயா."

சிவராஜ் ஆனந்தராஜிடம் திரும்பினார். "காபி குடிப்பீங்களா?"

"குடிப்பேன். ரெண்டு சொட்டுப் பால் விட்டா ஒண்ணும் பண்ணாது. முழு டம்ளர் பால்னா, லாரிய ஓரங்கட்ட வேண்டியதுதான்."

"உங்க பாப்பாவுக்கு எவ்வளவு பட்டா இப்படி ஆகும்மா?"

"கரண்டி மாறினாலே போதும் சார்," என்றாள் மேகலா. "போன வருசமும் இதே கடைல, இவங்க கையாலதான் குடிச்சா. ஒண்ணும் ஆகல."

சிவராஜ் எல்லோரையும் கடை முன்னால் நிற்கச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் பால் ஆகாது. ஆனா ஒரே காரணத்தால இல்ல. இவருக்குப் பால்ல இருக்கற சர்க்கரை செரிக்காது. துளி போனா உடம்பு சமாளிச்சுக்கும். பாப்பாவோட உடம்பு பால்ல இருக்கற புரதத்தையே எதிரியா நெனைக்குது. அதுக்குத் துளியே அதிகம். அதனால பால் உள்ள போயிருக்கு, ரொம்பக் கொஞ்சமா."

"அப்ப என்னோடது சின்ன வியாதிங்களா?" ஆனந்தராஜின் குரல் இறங்கிவிட்டது.

"நேத்து வரைக்கும் சரியா வந்த பார்ட் இன்னைக்குக் கெட்டா, என்ன மாறுச்சுன்னு கேப்போம். ஆளு மாறல, அதே மாதேஸ்வரி. சரக்கும் அதே, முறையும் அதே. மெஷின்தான் புதுசு. பூஜை போட்டது யாரு?"

"நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிருந்துச்சு சார்," என்றாள் மாதேஸ்வரி.

"நான்தான். காலைல ஏழு மணிக்கு," என்றார் சென்னகிருஷ்ணன் பெருமையாக.

சிவராஜ் தட்டிலிருந்து நீலத் துண்டை எடுத்துக் காட்டினார். "இது பால் பாக்கெட்டோட முனை. அந்தப் பாலு எங்க போச்சு?"

சென்னகிருஷ்ணன் மெஷினின் மாலையைச் சரிசெய்தார். "அது... புது வீட்டுல பால் காய்ச்சற மாதிரிங்க. மெஷினுக்குள்ள மொதல்ல பால் ஊத்தி ஓட்டினா விருத்தியாகும். அப்பறம் ஒரு ஜக்கு தண்ணி விட்டு அலசிட்டேனே!"

"பால் வந்துச்சான்னு கேட்டதுக்குச் சொட்டு வரலன்னீங்க."

"அது பூஜைங்க! பாலா அது?"

முதலில் சிரித்தது மாதேஸ்வரி. பிறகு மேகலாவும் சிரித்துவிட்டாள். ஜெயப்ரியாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. சென்னகிருஷ்ணன் பதற்றத்தில் கன்னடத்துக்குத் தாவி மேகலாவிடமும், தெலுங்கில் மாதேஸ்வரியிடமும் மன்னிப்புக் கேட்டார். மெஷினை நிறுத்தி, பாகம் பாகமாகக் கழற்றித் தேய்க்க உட்கார்ந்தார்.

"நாளைக்கும் வேலைக்கு வரணுங்களா சார்?"

"வாம்மா தாயே."

"வர்றேன். ஆனா நான் வர்றதுக்குள்ள எதுக்கும் பூஜை போட்டுடாதீங்க."

அந்தக் கோடை முடிவதற்குள் சிவராஜ் இறந்துபோனார். ஜெயப்ரியா மறுபடி அந்தப் பூங்காவுக்குப் போக மூன்று வருடம் ஆயிற்று. மேனேஜர் மாறியிருந்தார். குட்டி ரயில் இருந்த இடத்தில் ஒரு ராட்டினம் சுற்றியது. கடைக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள்.

உள்ளே அதே மாதேஸ்வரி இருந்தாள்.